ஆயாவுக்கு லைசென்ஸ் உண்டா, ஸார்?

‘அவ்வை சண்முகி’ ஞாபகம் இருக்கிறதா? 1996 தீபாவளிப் படம். கமல்ஹாசன் மடிசார் கட்டிக்கொண்டு, பெற்ற மகளைப் பார்ப்பதற்காக மாமனார் ஜெமினி கணேசன் வீட்டிலேயே ஆயா வேலைக்குச் சேர்ந்துவிடுவார். ‘அவ்வை சண்முகம் சாலை’ என்ற போர்டைப் பார்த்துச் சட்டென்று வைத்துக்கொண்ட பேர்தான் அவ்வை சண்முகி! நாம் விழுந்து விழுந்து சிரித்தோமே தவிர, ‘ஜெமினி ஸார், ஒரு ரேஷன் கார்டு ஜெராக்ஸாவது வாங்கினீங்களா?’ என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

டி.வி.யில் பத்துத் தடவை பார்த்த நானும் கேட்கவில்லை. போன வருஷம் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆயா தேவைப்பட்டபோதுதான் அந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கியது. (கல்யாணமாகாத வாலிபர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் ஒரு நாள் வரும்!)

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகை வீடு. நான் ஓர் ஆபீஸ், மனைவி ஓர் ஆபீஸ். பிரசவ லீவு 26 வாரம். 2017 சட்டத் திருத்தத்தின் புண்ணியம். அதற்கு முன்னால் 12 வாரம்தான். இருபத்தாறு என்றால் காதுக்கு நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாப்பா குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, நம்மைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரிக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து லீவு முடிந்துவிடுகிறது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. மாமியாருக்கு மாமனார். ஆக, ஆயா!

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கொரு யோசனை. “கிரஷ்ல விட்டுடு மாப்ளே” என்றான் ஒருத்தன். நல்ல யோசனைதான். கிரஷ் என்பதே பிரெஞ்சு வார்த்தை. 1844-ல் ஃபிர்மன் மார்போ என்பவர் பாரீஸில் கூலி வேலைக்குப் போகிற தாய்மார்களுக்காக முதல் கிரஷ்ஷைத் திறந்தார். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் கிரஷ் வசதி வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அதே 2017 திருத்தம் சொன்னது. என் மனைவி ஆபீஸில் மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருத்தர் டீ வாங்கப் போனால் பத்து.

இன்னொரு சீனியர் காதோடு சொன்ன யோசனைதான் தூக்கிவாரிப்போட்டது. “கிராமத்துலேர்ந்து பன்னெண்டு வயசுல ஒரு பொண்ணைக் கூட்டியாந்துடுப்பா. சோறு போட்டு, பொங்கலுக்குத் துணி எடுத்துக் குடுத்தா போதும்.” ஸார், இது யோசனை இல்லை, குற்றம். 14 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தையை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10-லேயே வந்துவிட்டது. 2016-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு குழந்தையா?

சரி, லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம்.

ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே செக்யூரிட்டி, அவருக்காகக்கூட 2005-ல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அவரை அனுப்புகிற கம்பெனி லைசென்ஸ் வாங்க வேண்டும். அவருடைய பூர்வீகத்தை விசாரித்து, பயிற்சி கொடுத்த பிறகுதான் வேலைக்கு வைக்கலாம். பணப் பெட்டிக்குக் காவல் இருக்க இவ்வளவு! தொட்டிலுக்குக் காவல் இருக்க? ஒன்றும் கிடையாது. இந்தியாவில் ஆயாவுக்கு லைசென்ஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று நாடு முழுக்கச் செல்லுகிற தனிச் சட்டத்தையும் நம் பார்லிமெண்ட் போடவில்லை. ‘கமிட்டி போட்டு யோசியுங்கள்’ என்று சுப்ரீம் கோர்ட்டே 2025 ஜனவரியில் மத்திய அரசுக்குச் சொல்ல வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் 2007-லிருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. ஆனால் அது உதவித்தொகை தருவதற்கு. ‘இவர் குழந்தையைத் தூக்கலாம்’ என்று சர்டிபிகேட் தருவதற்கு அல்ல.

முதலில் ஓர் ஏஜென்ஸியைப் பிடித்தேன். பேர் வேண்டாம். “எங்க ஆயா எல்லாரும் ஃபுல்லா செக் பண்ணவங்க ஸார். வேணும்னா முந்தின வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க” என்று ஒரு நம்பரும் கொடுத்தார் மேனேஜர். போட்டேன். எடுத்தவர், “ரொம்ப நல்லவங்க, தங்கமானவங்க, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி” என்று பொழிந்தார். பின்னால் ஒரு குரல்: “ஏஜென்ஸியா? ஆறாயிரம் அட்வான்ஸ் கட்டிடுங்க மேடம்.” அதே ஆபீஸ், அதே ஃபேன் சத்தம்! மேனேஜர் கொஞ்சம் கட்டைக் குரலில் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். கமல் அளவுக்கு இல்லை.

அப்புறம் பழக்கமான ஒருவர் மூலம் வந்தார் இந்த ஆயாம்மா. ஐம்பது வயசு இருக்கும். கோட்டக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் பாப்பா பக்கத்தில் போனார். (மேலிடத்திடம் அங்கேயே ஒரு மார்க்!) நான் கேள்விப் பட்டியலை எடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, வூட்டுல பகல்ல ஆம்பளைங்க யாரு இருப்பீங்க?”

“யாரும் இல்லீங்க ஆயாம்மா. நான் ஆபீஸ் போயிடுவேன்.”

“லீவு நாள்ல தண்ணி கிண்ணி போடுவீங்களா?”

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். “எப்பவாவது... கல்யாணம், கார்த்தி...” என்று இழுத்தேன். புதுச்சேரியில் இருந்துகொண்டு வேறென்ன சொல்ல?

“உங்க பாத்ரூமை நான் பொழங்கலாமா? சில வூட்டுல வுட மாட்டாங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் அடக்கிக்கினே இருக்கணும். அதான் முன்னாடியே கேட்டுக்கறேன்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கேட்டது எதுவும் அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. 2013-ல் வந்த பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வீட்டையும் வேலை செய்கிற இடம் என்றே சொல்கிறது. அதாவது நம் ஹால்தான் அவருக்கு ஆபீஸ். ஆபீஸில் சேருவதற்கு முன்னால் நாம் மட்டும் மேனேஜர் எப்படி, டாய்லெட் எப்படி என்று விசாரிப்பதில்லையா?

கடைசியாக அவர் சொன்னதுதான் விஷயம். “முந்தின வூட்டுல மூணு வருஷம் இருந்தேன். ஒரு சங்கிலி காணோம்னு எம் மேல பழி வந்துடுச்சி. ஸ்டேஷன்ல ஒரு மத்தியானம் ஒக்கார வெச்சாங்க. கேஸு கீஸு ஒண்ணும் போடல. நான் எடுக்கல தம்பி. நாளைக்கு யாராவது உங்ககிட்ட சொல்லறதுக்கு, நானே சொல்லிடறேன்.”

அவர் போனதும் அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். ஓர் அம்மாள் எடுத்தார். பேரைச் சொன்னதும் அமைதி. “நான் ஒண்ணும் சொல்ல விரும்பலைங்க” என்று வைத்துவிட்டார்.

“போதும், வேண்டவே வேண்டாம்” என்றாள் மனைவி. தப்புச் சொல்ல முடியாது. ஆறு மாசக் குழந்தை. நாளைக்கு ஏதாவது நடந்தால் அதற்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு சொல்தா தாத்தா. (வெளியூர் வாசகர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம்.) அவர் மகள் பாரீஸ் பக்கத்தில் இதே வேலைதான் பார்க்கிறாராம். “அவ ஆயா இல்லப்பா, ‘அஸிஸ்தாந்த் மத்தெர்னெல்’” என்பார் பெருமையாக. அந்த நாட்டில் தன் வீட்டில் வைத்துப் பிறத்தியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். மாடிப்படிக்குத் தடுப்பு இருக்கிறதா, மருந்து எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். மெடிக்கல் உண்டு, 120 மணி நேரப் பயிற்சி உண்டு, அந்த வீட்டில் இருக்கிற பெரியவர்கள் மேல் கேஸ் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும்.

சும்மா வந்துவிடவில்லை இந்தக் கெடுபிடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரீஸ்காரர்கள் பச்சைக் குழந்தைகளைக் கிராமத்துப் பால்தாய்களிடம் கூலிக்குக் கொடுத்து அனுப்புவார்கள். திரும்பி வராத குழந்தைகள் ஏராளம். தெயோஃபில் ரூஸ்ஸேல் என்ற டாக்டர், அரசியல்வாதியும்கூட, போராடி 1874 டிசம்பர் 23-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இரண்டு வயசுக்குள் இருக்கிற குழந்தையைக் கூலிக்கு வாங்கி வளர்க்கிறவர் அரசாங்கத்தின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பால்தாய் சர்டிபிகேட் காட்ட வேண்டும். அவள் சொந்தக் குழந்தைக்கு ஏழு மாசம் முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு வேறு யாராவது பால் கொடுக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். அவள் குழந்தையைப் பட்டினி போட்டு நம் குழந்தைக்குப் பால் வாங்கக் கூடாது அல்லவா? 1874-லேயே அது தோன்றியிருக்கிறது பாருங்கள். இன்றைக்கு இருக்கிற அந்தஸ்து 1977 மே மாதச் சட்டத்தில் வந்தது.

“அப்போ பிரான்ஸ்ல ஆயா எல்லாருக்கும் லைசென்ஸ்?” என்றேன். தாத்தா சிரித்தார். “அது அவங்க வீட்டுல வெச்சுப் பாக்கறவங்களுக்கு. உன் வீட்டுக்கு வந்து பாக்கறவளுக்கு அங்கயும் அந்த அனுமதி தேவை இல்ல. நீதான் விசாரிச்சுக்கணும்.” இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். தன் வீட்டில் வைத்துப் பார்க்கிறவர் பதிவு செய்தாக வேண்டும்; நம் வீட்டுக்கு வருகிற நானி இஷ்டப்பட்டால் பதியலாம். வீட்டுக் கதவுக்கு உள்ளே வர எந்த ஊர் சர்க்காருக்கும் கூச்சம்!

போன் விஷயத்தைச் சொன்னேன். “போன்ல குரல்தான் வரும். மூஞ்சி வராதுப்பா. நேர்ல போ” என்றார் தாத்தா.

சனிக்கிழமை போனேன். லாஸ்பேட்டையில் மாடி வீடு. கேட்டைத் திறந்த அம்மாளுக்கு என்னைப் பார்த்ததும் எரிச்சல். நான் பேரைச் சொன்னதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஐந்து வயசுப் பையன் ஓடி வந்தான். “ஆயா வந்துட்டாங்களா?” என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். ஆயா இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது.

அந்த அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “சங்கிலி கெடைச்சிடுச்சு ஸார்” என்றார். “இவனோட பழைய ஸ்வெட்டரெல்லாம் மூட்டை கட்டி வெச்சிருந்தோம். யாருக்காவது குடுக்கலாம்னு பிரிச்சா, உள்ள இருந்துச்சு. எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு அவங்ககிட்டப் போய்ச் சொல்றது? போன்ல நீங்க கேட்டப்போ நல்லவங்கன்னு சொன்னா, அப்ப ஏன் அனுப்பினீங்கன்னு கேப்பீங்க...”

“எப்ப கெடைச்சுது?”

“நாலு மாசம் ஆகுது.”

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. போனோடு விட்டிருந்தால்? என் நண்பர்களில் எத்தனை பேர் கேட்டாலும் ‘அந்த ஆயாவா, வேண்டாம்ப்பா’ என்று நானே சொல்லியிருப்பேனே!

ஆயாம்மாவிடம் சொன்னேன். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். “நாலு மாசமாவா...” என்றார். அப்புறம், “அந்தப் புள்ள எப்டி இருக்கான்? வளந்துட்டானா?” என்று கேட்டார்.

நாங்கள் அந்த வாரமே ஏற்பாடு பண்ணிக்கொண்டோம். முதல் வாரம் நான் லீவு போட்டுக் கூடவே இருந்தேன். சோப்பு டப்பாவைத் தேடுகிற சாக்கில் அடிக்கடி உள்ளே போய் எட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் செலவில்லாமல் எங்கள் செலவில் ஒரு மெடிக்கல் செக்கப். பால் எத்தனை மணிக்கு, ஜுரம் வந்தால் யாருக்குப் போன், நாங்கள் சொல்லாமல் எந்த மருந்தும் கிடையாது என்று ஒரு தாள். சம்பளம், வார லீவு, பொங்கல் போனஸ் என்று இன்னொரு தாள். இரண்டிலும் இரண்டு பேர் கையெழுத்து. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “என்னிக்கு நான் நின்னாலும், நல்லா வேலை பாத்தேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடணும். மூணு வருஷம் ஒழச்சேன் தம்பி, எங்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல.”

அவருடைய அக்கா மகளுக்கு வெளிநாட்டில் இந்த வேலைக்குப் போக ஆசையாம். என்னிடம் கேட்டதால் அதையும் விசாரித்தேன். பத்தாவது பாஸாகாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ என்று போடுவார்கள். (மாமல்லபுரம் போகிற ரோடு இல்லை ஸார்! குடிபெயர்வுச் சோதனை தேவை என்று அர்த்தம்.) அந்தப் பாஸ்போர்ட்டில் குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 30 வயசாவது ஆகியிருக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறேன் என்று ஒருத்தன் சொன்னால், அவனைப் பற்றித்தான் முதலில் போலீஸில் விசாரிக்க வேண்டும். சிங்கப்பூர் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புதிதாக வருகிற பணிப்பெண் ஒரு வகுப்புக்குப் போயாக வேண்டும். முதல் தடவை ஆள் வைக்கிற முதலாளியும் ஒரு வகுப்புக்குப் போயாக வேண்டும்! முதலாளிக்கு க்ளாஸ்! நம் ஊரில் வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஃபெயில்.

எல்லாம் சரி, போலீஸ்? அதையும் விடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ சகிதம் ஸ்டேஷனுக்குப் போனேன். நம் ஊர் சிவப்புத் தொப்பி ஏட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆயா எந்த ஊரு?” என்றார்.

“கோட்டக்குப்பம் ஸார். இதோ, பத்து நிமிஷ நடை.”

“அது தமிழ்நாடு ஸார். விழுப்புரம் மாவட்டம்!”

மறந்தே போய்விட்டேன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். எல்லைக் கோட்டை மட்டும் தெருவுக்குத் தெரு அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் ஆயாம்மா ஒரு மாநிலத்தில் பல் தேய்த்துவிட்டு, யூனியன் பிரதேசத்தில் பாப்பாவுக்குப் பவுடர் போடுகிறார். அப்புறம் தமிழ்நாடு போலீஸின் ஆன்லைன் வெரிஃபிகேஷனில் வீட்டு வேலைக்காரர் என்று தனியாக ஒரு பிரிவு இருப்பதைக் கண்டுபிடித்து மனு போட்டேன்.

அதில் என்ன தெரியும் என்பதையும் கேட்டுக்கொண்டேன். அவர் மேல் கேஸ் பதிவாகியிருக்கிறதா, சொன்ன விலாசத்தில் இருக்கிறாரா, அவ்வளவுதான். பாப்பா வீறிட்டு அழும்போது பொறுமையாகத் தோளில் போட்டுத் தட்டுவாரா, கிள்ளுவாரா என்று எந்த ரெக்கார்டிலும் இருக்காது. ஆதாரில் கைரேகை இருக்கும்; கைராசி இருக்காது. ஆனாலும் மனு போடுவது நல்லதுதான். விலாசம் பொய், பேர் பொய் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அந்த ஏஜென்ஸி மேனேஜர் மாதிரி ஆட்களுக்கு இது பிடிக்காது என்பதே போதுமான காரணம்.

நான் செய்த ஒரு முட்டாள்தனம்: மனு போட்டதை ஆயாம்மாவிடம் சொல்லவில்லை. சங்கடமாக இருந்தது. ரெண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, நேத்து போலீஸு வந்துச்சி. தெருவே கூடி நின்னு பாத்துச்சி. மறுபடியும் இன்னா திருடிட்டேன்னு பக்கத்து வூட்டுப் பொம்பள கேக்குறா.”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்டேஷனில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தவர் வீட்டு வாசலுக்கு, ஒரு வார்த்தை சொல்லாமல் போலீஸை அனுப்பியிருக்கிறேன்! அன்றைக்குச் சாயங்காலம் நானும் மனைவியும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோட்டக்குப்பம் போனோம். அரைக் கிலோ மைசூர்பாகு. பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் கொடுத்து, “எங்க வீட்டுல வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. அதுக்குத்தான் போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். எல்லாரும் செய்யறதுதான்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். பாப்பா அதற்குள் ஆயாம்மாவிடம் தாவிவிட்டது. என் விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்தது.

திரும்பும்போது வாசல் வரை வந்தார்.

“கோபமா ஆயாம்மா?” என்றேன்.

“இன்னாத்துக்குக் கோவம்? உங்க புள்ள, நீங்க விசாரிக்கத்தான் செய்வீங்க. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்ளோதான். நானும்தான் உங்கள விசாரிச்சேன்.”

“என்னையா? எங்கே?”

“உங்க தெரு இஸ்திரிக்காருகிட்ட. சேர்றதுக்கு முன்னாடியே.”

மனைவி ஆவலாக, “என்ன சொன்னாரு?” என்றாள்.

“அந்தம்மா தங்கம்னாரு. தம்பி மாசக் கடைசியில கடன் சொல்லுவாராம். ஆனா ஒண்ணாந்தேதி டாண்ணு குடுத்துடுவாராம். அதான் வந்தேன்.”